முகம்மது இதயத்துல்லா

முகம்மது இதயத்துல்லா (டிசம்பர் 17, 1905 - செப்டம்பர் 18, 1992) இந்திய உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் இந்தியக் குடியரசின் துணைத் தலைவராகவும் பணியாற்றியவர். தற்காலிகக் குடியரசுத் தலைவராகவும் இருந்துள்ளார். ரம்மி சீட்டாட்டம் திறமை சார்ந்த ஆட்டம் என 1967 ஆம் ஆண்டில் இவர் எழுதிய தீர்ப்பு, இந்தியச் சூதாட்டச் சட்ட வரலாற்றில் முக்கியமான ஒன்றாகும்.

இளமையும் கல்வியும்

இவரது தந்தை விலாயத்துல்லா ஓர் உருது கவிஞர். இராய்ப்பூரில் பள்ளிக் கல்வியும் நாக்பூர் மோரிசு கல்லூரியில் பட்டப்படிப்பும் முடித்த இதயத்துல்லா, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பயின்றார். 1930 இல் வழக்கறிஞராகி நாக்பூரில் தொழிலைத் தொடங்கினார்.

நீதித்துறைப் பணி

1946 இல் நாக்பூர் உயர் நீதிமன்ற நீதிபதியாகவும், 1954 இல் அதன் தலைமை நீதிபதியாகவும் ஆனார். 1956 இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியானார். 1958 இல் உச்ச நீதிமன்றத்துக்கு உயர்த்தப்பட்டார். 1968 பெப்ரவரி முதல் 1970 டிசம்பர் வரை இந்தியத் தலைமை நீதிபதியாக இருந்தார்.

ரம்மி வழக்கு

செகந்திராபாத்தில் இருந்த ஒரு பொழுதுபோக்கு மன்றத்தில் 1963 இல் காவல்துறையினர் சோதனை நடத்தினர். பணம் வைத்து ரம்மி ஆடியோரும் மன்ற நிர்வாகிகளும் ஐதராபாத் சூதாட்டச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டனர். உயர் நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. இதை எதிர்த்து ஆந்திரப் பிரதேச அரசு செய்த மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ரம்மி, மூன்று சீட்டு போல முழுவதும் அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டம் அன்று என இதயத்துல்லா முடிவு செய்தார். விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது எனத் தீர்மானிப்பதும் திறமை என்பது அவர் கூறிய காரணம். எனினும் பணயம் வைத்து நடக்கும் ஆட்டத்தில் இடத்தின் உரிமையாளர் இலாபம் ஈட்டினால் அது குற்றமாகலாம் என்றும் வரையறுத்தார்.

கணித விளக்கம்

இரண்டு கட்டுகளைக் கொண்டு ஆடப்படும் ரம்மியில் ஒவ்வொரு சீட்டும் இரு முறை உண்டு. கையில் இஸ்பேட் 5, 6 இருந்தால், சேர்க்கை முடிய 4 அல்லது 7 வேண்டும். ஜோக்கரை விட்டுவிட்டால் பொருந்தும் சீட்டுகள் நான்கு. இரண்டு 7 களும் கழிக்கப்பட்டுவிட்டால் வாய்ப்பு பாதியாகும். கழித்த சீட்டுகள் மேல்சீட்டால் மறைந்துவிடுவதால் நினைவாற்றல் தேவைப்படுகிறது. பிளாக்ஜாக் ஆட்டத்தில் இதே போன்ற சீட்டு எண்ணும் முறையை அமெரிக்கக் கணிதவியலர் எட்வர்டு தார்ப் 1962 இல் நூலாக வெளியிட்டார்.

ஆயினும் திறமை உடனே பலன் தருவதில்லை. எடுத்துக்காட்டாக, ஒருவரின் சராசரி ஆதாயம் ஆட்டத்துக்கு 1 ரூபாய் எனவும் திட்ட விலக்கம் 20 ரூபாய் எனவும் கொள்வோம். 100 ஆட்டங்களில் எதிர்பார்க்கும் ஆதாயம் 100 ரூபாய். திட்ட விலக்கமோ 200 ரூபாய். ஆகவே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் திறமையானவரும் நட்டமடைவார். 10,000 ஆட்டங்களில் ஆதாயம் 10,000 ரூபாய், விலக்கம் 2,000 ரூபாய் மட்டுமே. ஆனால் நடத்துபவர் ஆட்டத்துக்கு 2 ரூபாய் கழித்துக்கொண்டால் சராசரி 1 ரூபாய் நட்டமாகிறது. அப்போது அதே 10,000 ஆட்டங்கள் தோல்வியை ஏறத்தாழ உறுதியாக்கும். நடத்துபவரின் இலாபத்தைத் தீர்ப்பு தனியே பிரித்து நோக்கியதன் முக்கியத்துவம் இதனால் விளங்கும்.

அரசுப் பதவிகள்

வி. வி. கிரி பதவி விலகியதால் 1969 சூலை 20 முதல் ஆகஸ்ட் 24 வரை இதயத்துல்லா தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்தார். 1979 முதல் 1984 வரை துணைக் குடியரசுத் தலைவராகப் பணியாற்றினார். 1982 அக்டோபரில் மீண்டும் குடியரசுத் தலைவர் பொறுப்பை ஏற்றார்.

தீர்ப்பின் பிற்காலத் தாக்கம்

இணையவழி ரம்மியில் பணமிழந்தோரின் தற்கொலைகளைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 2021 இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் நீக்கியது. 2022 ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தை 2023 நவம்பரில் ஏற்ற அந்நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்களாகவே கருதியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடின்றி இணையவழிப் பணயாட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது.

நினைவு

சட்டிசுகர் மாநிலம் இராய்ப்பூரில் 2003 இல் நிறுவப்பட்ட தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.