வாளேந்தாத் தலைவனைப் பாடிய வீரமாமுனிவர்

இத்தாலி நாட்டுக் காஸ்திகிலியோனே என்னும் ஊரில் 1680 நவம்பர் 8ஆம் நாள் பிறந்தவர் கான்ஸ்தான்சோ பெஸ்கி. இயேசு சபைத் துறவியாய் 1710இல் கோவாவில் கரையிறங்கி, மறு ஆண்டு தமிழகம் புகுந்தார். தம் பெயரின் பொருளைத் தழுவித் தைரியநாதர் எனப் பெயர் பூண்டார். பின்னர்த் தமிழுலகம் அவரை வீரமாமுனிவர் என்று போற்றியது. வீரமும் துறவும் ஒரு பெயருள் கூடிய இவர், அவ்விரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்திலேயே தம் காப்பியத்தை எழுப்பினார்.

அவருக்குத் தமிழ் கற்பித்தவர் சுப்பிரதீபக் கவிராயர் என்பது வழிவழிச் செய்தி. நிலக்கோட்டைக் கூளப்ப நாயக்கர் மீது விறலிவிடு தூது பாடியவரும் அவரே என்பர். சிற்றின்பச் சுவையில் திளைத்த ஆசிரியரிடம் பயின்ற மாணவர், மணந்தும் கன்னிமை காத்த ஒருவரைத் தலைவராக்கினார் என்பது சுவையான முரண்.

1726இல் நிறைவுற்ற தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவர் சூசை. முனிவர் இட்ட தமிழ்ப்பெயர் வளன். பெருங்காப்பியத் தலைவன் தன்னிகரற்றவனாதல் வேண்டும். மணமும், முடிசூடலும், ஊடலும் கூடலும், மதுக்களியும், தூதும், போரும், வெற்றியும் வேண்டும் என்பது தண்டியலங்காரம் காட்டும் நெறி. வளனோ ஏழைத் தச்சர். நற்செய்தி நூல்களில் அவர் வாய்ச்சொல் ஒன்றேனும் இல்லை. அனைத்தினும் கடியது ஏரோதன் நிகழ்ச்சி. பச்சிளங்குழந்தையைக் கொல்லத் தேடும் அரசனை எதிர்க்காமல், இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடுகிறார் அவர். புறமுதுகிடுதலை இழிவின் எல்லையாகக் கண்ட தமிழ்ப் புறமரபின் முன் இத்தலைவரை நிறுத்துவது எளிதன்று. சமய நம்பிக்கைக்கோ, அவ்வோட்டமே இறைவன் ஏவலுக்குப் பணிந்த பேராண்மை.

பழனியடிவாரத்துப் புலவர்க்கு இந்த இடர் இல்லை. சூரனை வென்ற வேலவனே கோவணமும் தண்டும் கொண்டு மலைமேல் நிற்கின்றான். வீரமும் துறவும் ஓருருவில் அமைந்துவிட்டன. மலர்ந்த கோல் ஏந்திய வளனுக்கு அத்தகைய முன்கதை இல்லை.

ஆகவே முனிவர் போரைத் தலைவரிடமிருந்து பிரித்து வேறிடத்தில் வைத்தார். வளன் தாவீது மரபினர் என்பதைப் பற்றிக்கொண்டு, கவண் ஏந்திய ஆயர்சிறுவன் கோலியாத்தை வீழ்த்திய வரலாற்றைப் பாடினார். எகிப்துச் செலவின் இடையே யோசுவா, கிதியோன் ஆகியோர் வெற்றிகளை வளன் கேட்குமாறு அமைத்தார். தலைவர் போர் செய்பவராயின்றிப் போர்க்கதை கேட்பவரானார்! இதனால் மூலக்கதை ஆங்காங்கே தளர்வதை மறுக்க இயலாது. ஆனால் தாவீதின் பகுதியில் தளர்ச்சி இல்லை. படைக்கலத்தை நம்பாமல் இறைவனை நம்பியவன் வெல்கிறான். அங்கே மரபும் நம்பிக்கையும் ஒன்றையொன்று தள்ளவில்லை.

முடிசூடலையும் அவர் விடவில்லை. அரண்மனைக்கு மாறாக வானுலகில் நிகழ்த்தி, முடிசூட்டுப் படலத்தோடு காப்பியத்தை முடித்தார். மணப்படலமும் உண்டு, கூடல் மட்டும் இல்லை.

இத்தனைக்கும் அவர் இலக்கணத்தை எளிதாகக் கருதியவரல்லர். தொன்னூல் விளக்கம் இயற்றியவர். 1732இல் சதுரகராதி தொகுத்தவர். திருக்குறளின் அறத்தையும் பொருளையும் இலத்தீனில் பெயர்த்துக் காமத்துப்பாலை விட்டுவைத்தவர். 1747இல் கேரளத்து அம்பலக்காட்டில் மறைந்தார். தேம்பாவணி புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியது 1851இல். அதுவரை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்நூல் ஏட்டுச்சுவடிகளிலேயே வாழ்ந்தது.