நாமகிரித் தாயாரும் கணித மேதை இராமாநுஜனும்

திருக்கோயிலுக்கு வருவோர் வேண்டும் வரங்கள் பல. செல்வம் வேண்டுவோர் உண்டு. மக்கட்பேறு வேண்டுவோர் உண்டு. நோய் நீங்க வேண்டுவோர் உண்டு. தம் நெஞ்சில் குடிகொண்ட அச்சம் அகல வேண்டும் என்று சந்நிதியை நாடுவோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், உலகம் போற்றும் கணித மேதை ஸ்ரீநிவாஸ இராமாநுஜன்.

நாமக்கல் மலையைக் குடைந்தமைத்த கோயிலில் எழுந்தருளியிருக்கும் நரசிங்கப் பெருமானின் தேவியே நாமகிரித் தாயார். இராமாநுஜனின் அன்னையார் கோமளத்தம்மாள், நெடுநாள் மக்கட்பேறின்றி வருந்தியபோது, அவருடைய பெற்றோர் இத்தாயாரையே வேண்டிக்கொண்டனர். அவ்வேண்டுதலின் பயனாக, சர்வஜித்து வருடம் மார்கழித் திங்களில், 1887 டிசம்பர் 22ஆம் நாள், ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் இராமாநுஜன் அவதரித்தார். உடையவரின் திருநாமமே குழந்தைக்கும் பெயராயிற்று.

வளர்ந்தது கும்பகோணத்தில். சாரங்கபாணிப் பெருமாள் சந்நிதித் தெருவில் ஓர் எளிய இல்லம். தந்தையார் துணிக்கடையில் கணக்கர். அன்னையார் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடி வந்தார். வீட்டில் வறுமை இருந்தது, வழிபாட்டிற்குக் குறைவில்லை.

பள்ளியில் சிறந்து விளங்கிய இராமாநுஜன், 1904ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். ஆனால் அவர் உள்ளம் கணிதம் ஒன்றிலேயே தோய்ந்திருந்தது. பிற பாடங்களில் தவறினார், உதவித்தொகையும் போயிற்று. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்று 1907ஆம் ஆண்டில் தேர்வெழுதியும் தேறவில்லை. பட்டமில்லை, பதவியில்லை. 1909இல் திருமணமும் நிகழ்ந்தது. இனிக் கணிதத்தைக் கைவிட்டுக் குடும்பத்தைக் காப்பதே முறை என்று ஊரார் உரைத்தால் அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவர் கைவிடவில்லை. காகிதம் வாங்கப் பொருளின்றிப் பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதித்தார். தமக்குத் தோன்றும் சூத்திரங்களெல்லாம் நாமகிரித் தாயாரின் அருட்கொடையே என்பது அவர்தம் நம்பிக்கை.

1912 மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தராய் அமர்ந்தார். அங்கே மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் வல்லவர்; இவர் பெருமையை உணர்ந்து ஊக்கினார். அவ்வூக்கத்தால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கு இராமாநுஜன் தம் முடிவுகளை எழுதி அனுப்பினார். இருவர் பொருட்படுத்தவில்லை. மூன்றாமவராகிய ஹார்டிக்கு 1913 ஜனவரி 16ஆம் நாள் எழுதிய மடல் பலித்தது. ஹார்டி வியந்தார், இராமாநுஜனை இங்கிலாந்திற்கு அழைக்க விழைந்தார்.

இத்தனை நாள் எந்த வாயிலுக்காகக் காத்திருந்தாரோ அவ்வாயில் திறந்தது. அப்பொழுதுதான் அச்சமும் எழுந்தது. வைதிக ஆசாரமுடைய குடும்பத்தினர் கடல் கடந்து செல்லுதல் அந்நாளில் பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. சென்றவரைச் சுற்றத்தார் பந்தியினின்றும் விலக்குவர். மணவினைக்கும் நீத்தார் கடனுக்கும் எவரும் வாரார். உணவு நெறி கெடுமோ என்ற ஐயம் ஒருபுறம். அன்னையாரின் மறுப்பு ஒருபுறம். இராமாநுஜன் செல்ல இயலாதென்று கூறிவிட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை அளித்து, ஆராய்ச்சி செய்ய வழிவகுத்தது. ஊரிலேயே இருந்து வாழ அதுவே போதும் என்று அமைந்திருக்கலாம். மறுப்பதற்கு அவர் சொன்ன காரணங்களுள் ஒன்றேனும் பொய்யன்று. ஆனால் உண்மையான காரணமும் நாளடைவில் சாக்காகிவிடக் கூடும். இதனை அவர் உள்ளம் உணர்ந்திருந்தது போலும். மறுத்த பின்னும் அதற்கு அமைதியில்லை.

நாராயண ஐயருடன் நாமக்கல் சென்றார் இராமாநுஜன். மூன்று இரவுகள் திருக்கோயிலிலேயே துயின்று தாயாரின் திருவுள்ளம் அறியக் காத்திருந்தார். கனவில் ஆணை கிடைத்தது என்பது ஒரு வரலாறு. அன்னையார் கோமளத்தம்மாளின் கனவில் தாயார் தோன்றி, மகன் பிறந்த பயனுக்குத் தடையாக நிற்கலாகாதென்று பணித்தருளினார் என்பது மற்றொரு வரலாறு. எவ்வாறாயினும், தடுத்த அன்னையே விடை தந்தார். 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹார்டியின் நண்பர் நெவில் சென்னைக்கு வந்து வினவியபோது, இராமாநுஜன் புறப்பட ஆயத்தமாயிருந்தார்.

துணிந்தமையால் துயரம் இல்லாமற் போகவில்லை. மேனாட்டு வழக்கத்திற்காகக் குடுமியைக் களைய வேண்டியிருந்தது. அதனைக் காணும் துன்பம் நேராதிருக்க அன்னையாரையும் மனைவியாரையும் முன்னதாகவே கும்பகோணத்திற்கு அனுப்பிவைத்தார். 1914 மார்ச் 17ஆம் நாள் நெவாஸா என்னும் கப்பலில் பயணமானார்.

கேம்பிரிட்ஜில் தம் கையாலேயே சமைத்துண்டு, புலால் தீண்டாது, நெறி வழுவாது வாழ்ந்தார். சென்ற சில திங்களில் உலகப் போர் மூண்டது. காய்கனிகள் அரிதாயின, குளிர் வாட்டியது, 1917இல் உடல் நோயுற்றது. அத்துன்பங்களின் நடுவே செய்த ஆராய்ச்சிகள் அவர் புகழை நிலைநாட்டின. 1918ஆம் ஆண்டில் இராயல் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு அக்டோபரில் டிரினிட்டிக் கல்லூரியின் உறுப்பினராகும் முதல் இந்தியர் என்ற சிறப்பையும் பெற்றார்.

1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். இராமேசுவரம் சென்று பிராயச்சித்தம் செய்விக்க அன்னையார் எண்ணினார். உடல்நிலை இடம் தரவில்லை. படுக்கையிலும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்குத் தம் புதிய கண்டுபிடிப்பை எழுதினார். ஏப்ரல் 26ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் ஆசாரியன் திருவடியை அடைந்தார். கடல் கடந்தவர் என்பதால் உறவினருள் பலர் இறுதிச் சடங்கிற்கு வரவில்லை. அவர் முன்னர் அஞ்சியது வீண் அச்சமன்று, அஞ்சியவாறே நிகழ்ந்தது. ஆயினும் அன்று வர மறுத்தவர்களை இன்று அறிவார் இல்லை. இறுதி நாட்களில் அவர் எழுதிய ஏடுகளோ, கேம்பிரிட்ஜ் நூலகத்தில் மறைந்து கிடந்து 1976இல் வெளிப்பட்டு, இன்றளவும் அறிஞர்களுக்கு விருந்தாகத் திகழ்கின்றன.

கும்பகோணம் செல்லும் அடியார்கள் சாரங்கபாணிப் பெருமாளைச் சேவித்தபின், சந்நிதித் தெருவில் நினைவில்லமாகப் போற்றப்படும் அவ்வெளிய வீட்டையும் காணலாம். நாமக்கல் செல்வோர் தாயார் சந்நிதியில் நிற்கையில், அங்கே மூன்று இரவுகள் காத்திருந்த அவ்விளைஞரை நினைவுகூரலாம். போகாதிருக்கக் காரணம் தேடி அவர் அங்கே வரவில்லை. போக வேண்டிய வழியை அறியவே வந்தார். அவ்வாறு வருவோர்க்கு அச்சம் தீர்த்து அருள்பவள் நாமகிரித் தாயார்.

தாயார் திருவடிகளே சரணம்.