மலேரியா கிருமியை முதலில் பார்த்த லாவெரான்... ஏற்க மறுத்த ஒரு விஷயம்!

1880 நவம்பர் 6. அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் உள்ள ராணுவ மருத்துவமனை. காய்ச்சலில் படுத்திருந்த ஒரு சிப்பாயின் ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார் 35 வயது பிரெஞ்சு டாக்டர் அல்போன்ஸ் லாவெரான். சாயம் எதுவும் போடாத ரத்தம். அதில் சாட்டை மாதிரி இழைகளை வீசிக்கொண்டு ஏதோ நெளிந்தது. அதுதான் மலேரியா ஒட்டுண்ணி.

பாரிஸில் பிறந்தவர். அப்பாவும் ராணுவ டாக்டர்தான். சிறு வயதில் சில வருடங்கள் அல்ஜீரியாவில் வளர்ந்தவர்.

சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றுதான் மலேரியாவைக் கொண்டுவருகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. போதாக்குறைக்கு, காரணம் ஒரு பாக்டீரியா என்று 1879-ல் ரோமில் அறிவித்திருந்தார்கள். அதனால் லாவெரான் சொன்னதை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரோ விடவில்லை. 192 நோயாளிகளின் ரத்தத்தைப் பார்த்தார். 148 பேரிடம் அந்த ஒட்டுண்ணி இருந்தது. சில வருடங்களில் எதிர்த்தவர்களே வழிக்கு வந்தார்கள்.

அடுத்த சண்டை இன்னும் சுவாரஸ்யம். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் காய்ச்சலும், 72 மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் காய்ச்சலும் வேறு வேறு ஒட்டுண்ணிகளால் வருபவை என்று 1885-86ல் காட்டினார் இத்தாலியின் கமில்லோ கோல்ஜி. லாவெரான் பல வருடங்கள் இதை ஏற்கவில்லை. ஒரே ஒட்டுண்ணிதான், உருவம் மாறுகிறது என்பது அவர் வாதம். மைக்ரோஸ்கோப்பை மட்டும் நம்பியிருந்தவருக்கு அப்படித் தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஆனாலும் கோல்ஜி சொன்னதுதான் சரி.

எந்த வகையாக இருந்தால் என்ன என்கிறீர்களா? ஃபால்சிபாரம் வகை, சிகிச்சை தாமதமானால் உயிரையே எடுத்துவிடும். வைவாக்ஸ் கல்லீரலில் பதுங்கியிருந்து, மாதங்கள் கழித்தும் திரும்ப வரும். அதை ஒழிக்க ப்ரைமாகுயின் போன்ற மாத்திரை தனியாக வேண்டும். வகை மாறினால் மருந்தும் மாறும்.

1907-ல் லாவெரானுக்கு நோபல் கிடைத்தது. பரிசுப் பணத்தில் பாதியை பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் வெப்பமண்டல நோய் ஆய்வகம் அமைக்கக் கொடுத்துவிட்டார். 1922-ல் இறந்தார்.

மைக்ரோஸ்கோப் ஏமாற்றுவது மட்டும் நிற்கவில்லை. மலேசியாவின் சரவாக்கில், மலேரியே வகை என்று எழுதப்பட்ட பல கேஸ்கள் உண்மையில் குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி வகை என்பது 2004-ல்தான் வெளியானது. காட்டிக்கொடுத்தது, ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் டெஸ்ட்.

பிசிஆருக்கு விலை அதிகமான மெஷின் தேவை. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கட்டுப்படியாகாது. அந்த இடத்துக்குத்தான் இப்போது ‘லேம்ப்’ டெஸ்ட் வருகிறது. சுமார் 65 டிகிரி சூட்டை மாறாமல் வைத்திருக்கும் சின்னக் கருவி போதும். சுமார் ஒரு மணி நேரத்தில், ட்யூபில் திரவம் கலங்குவதையோ நிறம் மாறுவதையோ வைத்து ரிசல்ட்டைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.