ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டுக் கொடுத்த வ.உ.சி. ஐயா



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு தலைவரைப் பற்றி எழுதணும்னு மாதக் கூட்டத்தில் என் பேரையும் சேர்த்துட்டாங்க. நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தினவள். யாரைப் பற்றி எழுதுறதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். போன வருஷம் என் மகள் பேச்சுப் போட்டிக்காக வ.உ.சிதம்பரம் பிள்ளை ஐயாவைப் பற்றி நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிச்சது ஞாபகம் வந்தது. கப்பல் ஓட்டினார், செக்கு இழுத்தார், இவ்வளவுதான் எனக்கு அதுவரை தெரியும். அவர் மில் தொழிலாளிக்காகச் செய்ததைப் படிச்ச அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏன்னு பிறகு சொல்கிறேன்.

ஐயா 1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளை, அம்மா பரமாயி அம்மாள். வக்கீலுக்குப் படிச்சு, தூத்துக்குடியில் தொழில் பார்த்தார். வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் கடல் வியாபாரம் முழுக்க வெள்ளைக்காரன் கையில் இருப்பதைப் பொறுக்காமல், 1906-ல் ஊர் ஊராகப் பங்கு சேர்த்து சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் ஓடியது. இது நாம எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படிச்சதுதான்.

அதே தூத்துக்குடியில் கோரல் மில் என்று ஒரு நூல் மில் இருந்தது. ஹார்வி என்ற வெள்ளைக்காரக் கம்பெனி நடத்தியது. அங்கே வேலை நேரம் ரொம்ப அதிகம், கூலியோ ரொம்பக் கொஞ்சம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வுகூடக் கிடையாது. உடம்பு முடியலைன்னாலும் லீவு கேட்க வழி இல்லை. கேட்கிறதுக்குச் சங்கமும் இல்லை. சென்னையில் தொழிலாளர் சங்கம் தொடங்கினதே 1918-ல்தான். நான் சொல்வது அதற்குப் பத்து வருஷம் முந்தி.

1908 பிப்ரவரி 23-ஆம் தேதி ஐயா அந்தத் தொழிலாளர்களைக் கூட்டிப் பேசினார். கூடவே சுப்பிரமணிய சிவாவும் இருந்தார். நாலு நாளில், பிப்ரவரி 27-ல், மில் நின்றுபோனது. கூலி உயர்வு, வார விடுமுறை, லீவு வசதி. இவைதான் அவங்க கேட்டது.

அன்றாடம் கூலி வாங்கி அடுப்பு மூட்டுகிறவங்க எத்தனை நாள் தாங்குவாங்க? நமக்குத் தெரியாதா! ஆனால் ஊர் ஜனங்க தொழிலாளர் பக்கம் நின்றாங்க. தொழிலாளர்களுக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர், பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டு எழுந்து போனார் என்றுகூடச் சொல்வாங்க. வேலை நிறுத்தம் ஒன்பது நாள் நடந்தது. மார்ச் 6-ல் மில் தரப்பிலிருந்து ஆள் வந்து ஐயாவைப் பார்த்தார். ஐயா தனியாகப் போய்ப் பேசி முடிக்கவில்லை. ஐம்பது தொழிலாளர்களையும் கூட்டிக்கொண்டு போனார். கூலி கூடியது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. இதைப் பார்த்து மற்ற வெள்ளைக்காரக் கம்பெனிகளில் வேலை செய்தவங்களுக்கும் கூலி கூடியது.

எனக்குத் தூக்கம் வராத காரணத்தை இப்போ சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னே நானும் மூணு வருஷம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் என்பது பேருக்குத்தான். டிபன் பாக்ஸைத் திறந்து நாலு வாய் போடுறதுக்குள்ளே மிஷின் பக்கம் கூப்பிட்டுடுவாங்க. ஷிப்ட் முடிஞ்சு வெளியே வந்தா, இன்றைக்கு ஓ.டி. பார்க்கணும், அது முடிஞ்சாத்தான் பஸ் எடுப்போம் என்பாங்க. கம்பெனி பஸ்ஸை விட்டால் ஊருக்கு வேறு வண்டி கிடையாது. அப்புறம் எங்கே மாட்டேன் என்று சொல்றது? மறுபடியும் உள்ளே போய் நாலு மணி நேரம் நிற்போம். கூட வேலை பார்த்த ஒரு பொண்ணு காய்ச்சலோடு நின்று மயங்கி விழுந்தாள். அன்றைக்கும் நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. கேட்கலாம் என்றே தெரியாது. நூறு வருஷத்துக்கு முன்னாடியே எங்களை மாதிரி மில்லில் நின்றவங்க கேட்டு வாங்கியிருக்காங்க என்று படிச்சப்போ, எங்களுக்கு இதை யாரும் சொல்லலையே என்று மனசு ஆறவே இல்லை.

மில் பிரச்சினை முடிஞ்சு ஒரு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 12-ல் ஐயாவையும் சிவாவையும் திருநெல்வேலியில் கைது செய்தாங்க. மறுநாள் ஊரே கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் இறந்தாங்க. தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடி வேலையை நிறுத்தினாங்க. இந்தத் தடவை கூலிக்காக இல்லை, ஐயாவுக்காக. புதுசாகக் கிடைத்த கூலியை ஒரு மாசம்கூட முழுசா வாங்காதவங்க அப்படிச் செய்ததுதான் எனக்குப் பெரிசாகத் தெரியுது.

ராஜ துரோகம் என்று 40 வருஷத் தண்டனை போட்டாங்க. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் மாடு இழுக்கிற செக்கை அவரை இழுக்க வைத்தாங்க. தொழிலாளிக்கு ஓய்வு கேட்டவருக்கு அங்கே ஓய்வில்லை. வெளியே அவர் மனைவி மீனாட்சி அம்மாள் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கணவருக்காக அரசாங்கத்துக்கு மனு எழுதிப் போட்டாங்க. அந்த அம்மாவைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து ஐயா வெளியே வந்தார். வரவேற்கப் பெரிய கூட்டம் இல்லை. சிவா மாதிரி சிலர்தான் வந்திருந்தாங்க. கப்பல் கம்பெனி அதற்குள் மூடிப்போயிருந்தது. வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் போயிருந்தது. சென்னையில் சின்ன வியாபாரம் செய்து பார்த்தார், வறுமையில் ரொம்பக் கஷ்டப்பட்டார். பல வருஷம் கழித்து வக்கீல் உரிமையைத் திரும்ப வாங்கிக் கொடுக்க உதவியவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பேர் வைத்தார். 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார். சாகும் முன்னே எழுதின உயிலில் கடைகளுக்குத் தர வேண்டிய சின்னச் சின்னப் பாக்கியையும் கணக்காகச் சொல்லியிருந்தார். கடனை நாள் தவறாமல் கட்டுகிற நமக்கு அந்த மனசு புரியும்.

அவர் போன பிறகு, 1948-ல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. அரை மணி நேரமாவது ஓய்வு விடாமல் 5 மணி நேரத்துக்கு மேல் ஒருத்தரிடம் வேலை வாங்கக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் பார்த்தால் இரண்டு மடங்கு கூலி, வாரத்தில் ஒரு நாள் லீவு என்று அதில் எழுதினாங்க. நான் மில்லில் நின்ற நாளிலும் அந்தச் சட்டம் இருந்தது. எங்களுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

சகோதரிகளே, நம்ம பிள்ளைகள் இப்போ மில்லுக்கும் கம்பெனிக்கும் கடைகளுக்கும் வேலைக்குப் போறாங்க. சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோம். சாப்பிட எவ்வளவு நேரம் விடுறாங்க, ஓ.டி.க்கு எவ்வளவு தர்றாங்க, முடியாது என்றால் வீட்டுக்கு வர வண்டி உண்டா என்றும் கேட்போம். ஒரு பொண்ணு தனியாகக் கேட்டால் வேலை போயிடும் என்ற பயம் இருக்கும். ஐயாவே ஐம்பது பேரோடுதான் போனார். நம்ம கூட்டமைப்பில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்ததும் இதையும் ஒரு பொருளாக வைத்துப் பேசணும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.