பேரெண் கண்ட இராமானுஜன்

நான்கு ரப்பர்க் கொட்டைகளை எத்தனை விதமாகக் கூறு போடலாம்? நான்கையும் ஒரே கூறாக வைக்கலாம். மூன்றும் ஒன்றுமாக, இரண்டும் இரண்டுமாக, இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக வைக்கலாம். நான்கையும் தனித்தனியே வைக்கலாம். ஆக, ஐந்து விதம். பத்துக் கொட்டைகளுக்கு 42 விதம். நூறு என்றால் 190,569,292 விதம்! இருநூறுக்கோ 3,972,999,029,388 விதம். பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட இப்பேரெண்ணோடு கணித மேதை சீனிவாச இராமானுஜனின் பெயர் பிணைந்து நிற்கிறது.

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த அவர் கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். தாள் வாங்கப் பொருளின்றிக் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். கணிதத்திலேயே மூழ்கியதால் பிற பாடங்களில் தவறினார். கல்லூரிப் பட்டம் கிட்டவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் விடுத்த மடல் அவரது வாழ்வையே மாற்றிற்று. 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

கூறுகளை எண்ணிப் பாராமலே விடை காண ஒரு சூத்திரத்தை அங்கே இருவரும் வகுத்தனர். அது சரிதானா என்று சோதிப்பது எவ்வாறு? மேஜர் மக்மகோன் என்னும் அறிஞர், சிறிய எண்களின் விடைகளைக் கூட்டியும் கழித்தும் படிப்படியாக ஏறி, 200 வரை கையாலேயே கணக்கிட்டார். கணிப்பொறி இல்லாத காலம் அது! அவரது விடையே நாம் மேலே கண்ட பேரெண். இராமானுஜனும் ஹார்டியும் தம் சூத்திரத்தின் எட்டு உறுப்புகளைக் கூட்டினர். கிடைத்தது 3,972,999,029,388.004. பதின்மூன்று இலக்கங்களும் பொருந்தின. மிகுந்தது ஆயிரத்தில் நான்கு பங்கே! ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் ஐயம் எழுந்திருக்கும். அவ்வேளையில் அவ்விருவர் உள்ளமும் எவ்வாறு துள்ளியிருக்கும் என்று நாம் வியக்கிறோம்.

மக்மகோனின் பட்டியலில் இராமானுஜன் மேலும் ஒன்று கண்டார். 4, 9, 14, 19, 24 ஆகியவற்றின் விடைகள் முறையே 5, 30, 135, 490, 1575. யாவும் ஐந்தால் மீதியின்றி வகுபடுவன. இவ்வாறு நான்கிலோ ஒன்பதிலோ முடியும் எந்த எண்ணுக்கும் விடை ஐந்தால் வகுபடும் என்பதை அவர் நிறுவியும் காட்டினார். பட்டியலைப் பார்ப்பவர் பலர். அதில் ஒழுங்கைக் காண்பவர் சிலரே.

1917இல் நோய் பற்றியது. 1918இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தெரிவு செய்யப்பெற்றார். பட்டமின்றித் தவித்தவருக்கு எத்துணைப் பெரிய சிறப்பு! ஆயினும் உடல்நலம் மீளவில்லை. 1919இல் தாயகம் திரும்பியவர், படுக்கையிலும் புதுக் கணக்குகளை எழுதிக்கொண்டே இருந்து, 1920 ஏப்ரல் 26ஆம் நாள், 32ஆம் வயதில், சென்னையில் மறைந்தார்.

மிஞ்சி நின்ற அந்தச் சிறு பின்னமும் நீங்கி, சூத்திரம் முற்றிலும் துல்லியமாக 1937 வரை காத்திருக்க நேர்ந்தது. ராடமாக்கர் என்னும் அறிஞர் அதனை முடித்துவைத்தார்.