வாக்குக்கு வந்த பழி: இமானுவேல் சேகரன் வாழ்வும் தேர்தல் சட்டமும்

ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அன்று பரமக்குடி பற்றி வெளிவரும் செய்திகளில் காவலர் எண்ணிக்கை இருக்கும். தடையுத்தரவும் போக்குவரத்து மாற்றமும் இருக்கும். தியாகி இமானுவேல் சேகரன் எதற்காகக் கொல்லப்பட்டார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் சாதி மோதல் என்ற இரண்டு சொற்கள் நின்றுவிடும். அந்த மோதலுக்கு முன்னால் ஒரு தேர்தல் நடந்தது என்பது விடுபட்டுப்போகும். வழக்குரைஞர்களாகிய நாம் அவரது வாழ்வை அந்தத் தேர்தலோடு சேர்த்தே படிக்க விரும்புகிறோம்.

1924 அக்டோபர் 9 அன்று முதுகுளத்தூர் வட்டம் செல்லூரில் ஆசிரியர் வேதநாயகத்தின் மகனாக அவர் பிறந்தார். இளம் வயதிலேயே வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். பின்னர் இராணுவத்தில் சேர்ந்து அவில்தாராகப் பணியாற்றினார். சீருடையைக் களைந்துவிட்டு ஊர் திரும்பியவரைத் தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை எதிர்கொண்டது. அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்திருந்தது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும் வந்திருந்தது. ஏட்டிலிருந்த அந்த உரிமையை ஊருக்குள் கொண்டுவரவே தேவேந்திரகுல மக்களைச் சங்கமாகத் திரட்டினார்.

1957 பொதுத்தேர்தலில் பார்வர்டு பிளாக் தலைவர் முத்துராமலிங்கத் தேவர் நாடாளுமன்றத்துக்கும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டமன்ற இடத்தை அவர் துறந்ததால் ஜூலையில் இடைத்தேர்தல் வந்தது. பார்வர்டு பிளாக் வேட்பாளர் சசிவர்ணத் தேவர் வென்றார். தேவேந்திரர்களில் பெரும்பகுதியினர் காங்கிரசை ஆதரித்திருந்தனர். இமானுவேல் சேகரனும் காங்கிரசில் இருந்தார். முடிவு வந்த பின்பும் பகை அடங்கவில்லை. ஊர்கள் எரிந்தன.

செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம் கூட்டினார். தம் மக்களின் பிரதிநிதியாக இமானுவேல் சேகரன் அதில் அமர்ந்தார். மறுநாள் பாரதி நினைவு நாள் கூட்டத்தில் பேசிவிட்டுத் திரும்பியவர் அன்றிரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 33 வயதுகூட நிறையவில்லை. அடுத்த நாள்களில் கலவரம் பரவி இரு தரப்பிலும் உயிர்கள் போயின. கீழத்தூவலில் காவல்துறை சுட்டதில் மறவர் ஐவர் இறந்தனர். கொலை வழக்கில் கைதான முத்துராமலிங்கத் தேவரை 1959இல் நீதிமன்றம் விடுவித்தது.

இந்நிகழ்வுகளைத் தேர்தல் சட்டத்தின் வழியே பார்த்தால் என்ன தெரிகிறது? வாக்காளரை அச்சுறுத்துவது அன்றைக்கே இந்திய தண்டனைச் சட்டத்தின்படி குற்றம். சமூக விலக்கு, சாதி விலக்கு என்று மிரட்டுவதை 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் முறைகேடான செயல் என்றது. ஆனால் இவ்விரண்டும் பெரிதும் வாக்குப்பதிவுக்கு முந்தைய மிரட்டலையே நோக்கின. வாக்களித்த பின் வரும் பழிவாங்கல் வெறும் அடிதடியாக, கலவரமாகப் பதிவானது. ஒருவருக்கு வாக்களித்ததற்காகவோ வாக்களிக்காததற்காகவோ பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் தாக்குவதையும் புறக்கணிப்பதையும் தனிக் குற்றங்களாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சேர்த்தது 2015ஆம் ஆண்டின் திருத்தம்தான். முதுகுளத்தூருக்குப் பின் 58 ஆண்டுகள் கழித்தே அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் பெயர் கிடைத்தது.

பெயர் கிடைத்த பின்பும் செய்தியில் அது ஏறாவிட்டால் பாதிக்கப்பட்டவருக்கு என்ன பயன்? எனவே களத்துக்குச் செல்லும் செய்தியாளர்களும் அவர்களிடம் பேசும் நம் தோழர்களும் சில வேறுபாடுகளை அறிந்திருக்க வேண்டும். தேர்தல் நடத்தை விதிகள் சட்டமன்றம் இயற்றிய சட்டமல்ல. அவற்றை மீறியதால் மட்டுமே ஒருவர் சிறைக்குப் போவதில்லை. வன்கொடுமை வழக்கு காவல் நிலையத்தில் பதிவாவது. அதனால் தேர்தல் முடிவு தானாக ரத்தாவதில்லை. முடிவை எதிர்ப்பதற்குத் தேர்தல் மனு வேண்டும். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் அதை வேட்பாளரோ அத்தொகுதியின் வாக்காளரோ 45 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். இவ்விரு வழிகளையும் ஒன்றாகக் குழப்பி எழுதும் செய்தி, அந்த 45 நாள்களை நம் மக்கள் தெரியாமலேயே இழக்கச் செய்துவிடும்.

வாக்கு எண்ணிக்கை முடிந்த வாரத்தில் ஒரு சேரி தாக்கப்பட்டால், கேட்க வேண்டியவை எளிய கேள்விகள். அவர்கள் யாருக்கு வாக்களித்ததாகக் கருதப்பட்டது? தேர்தலுக்கு முன் மிரட்டல் இருந்ததா? கடையில் பொருள், வயலில் வேலை, பொதுக் கிணற்றில் தண்ணீர் நிறுத்தப்பட்டனவா? முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவுகள் சேர்ந்தன, எவை விடுபட்டன? இவற்றைக் கேட்காமல் இரு தரப்பு மோதல் என்று எழுதுவது நடுநிலையாகாது. குற்றத்தின் காரணத்தையே அழித்துவிடும்.

2010இல் இந்திய அரசு இமானுவேல் சேகரனுக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. அவர் நினைவிடத்தில் ஆண்டுதோறும் மலர்கள் குவிகின்றன. அங்கே வரும் மாணவர்கள், அன்று தம்மிடம் கருத்துக் கேட்கும் செய்தியாளரிடம் காவலர் எண்ணிக்கையோடு 1957 ஜூலை இடைத்தேர்தலையும் எழுதச் சொல்ல வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.