வெறும் முன்னணை

நத்தாருக்குப் பத்து நாட்கள் இருக்கும்போதே எங்கள் வீட்டு விறாந்தையில் பாலன் குடில் எழும்பத் தொடங்கிவிடும். கிடுகு வேய்ந்த சிறு கூரை, கசக்கிய காகிதத்தாலான மலை, தட்டிலே முளைக்கவிட்ட பயறு, உடைந்த கண்ணாடித் துண்டாலான குளம், குளத்திலே இரண்டு மெழுகுத் தாராக்கள். ஆண்டுக்கு ஆண்டு அதில் ஏதேனும் ஒரு புதுமை சேரும். ஓராண்டு எங்கள் சிறிய தந்தையார் கொழும்பிலிருந்து கொணர்ந்த விளையாட்டுப் புகைவண்டி ஒன்றும் பெத்லகேமைச் சுற்றி ஓடியது. எல்லாம் முடிந்ததும் ஆச்சி வந்து நின்று நெடுநேரம் பார்ப்பார். பார்த்துவிட்டுக் குழந்தை எங்கே இருக்கிறது என்று கேட்பார். நாங்கள் சிரிப்போம். கண் மங்கியதால் கேட்கிறார் என்பது எங்கள் எண்ணம்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, அந்தக் குடிலின் சுரூபங்கள் வீட்டுப் பெட்டியிலேயே கிடந்தன. அவ்வாண்டு நத்தாரை நாங்கள் ஒரு பாடசாலை மண்டபத்திலே கண்டோம். மாணவர் மேசைகள் இரண்டைச் சேர்த்துப் பீடமாக்கினர். குடில் அமைக்க எம்மிடம் யாதும் இல்லை. சிறுவர் சிலர் பலகைப் பெட்டியொன்றிலே வைக்கோலை நிரப்பிப் பீடத்தின் கீழே வைத்தனர். அதில் இட ஒரு பாலன் சுரூபமும் இருக்கவில்லை. நள்ளிரவுப் பூசை முடியும்வரை அது வெறும் பெட்டியாகவே இருந்தது. ஆச்சி அன்று குழந்தை எங்கே என்று கேட்கவில்லை.

அந்தப் பெட்டியை ஒரு குறையாகவே நான் பல ஆண்டுகள் நினைவிற் சுமந்தேன். பின்னர், மாணவர்க்கு ஒரு சொற்பொழிவு ஆயத்தஞ் செய்வதன் பொருட்டுப் பிரான்சிஸ் அசிசியாரின் வரலாற்றை முறையாகக் கற்கலானேன். நத்தார்க் குடிலை உலகுக்கு அளித்தவர் என்று யாவரும் போற்றும் அவர், 1223இல் கிரேச்சியோ என்ற மலையூரில் அமைத்த காட்சியின் விவரத்தை அங்கே கண்டபோது, நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வாளா இருந்தேன். காரணத்தைப் பின்னே சொல்கிறேன். முதலில் அவர் கிரேச்சியோவை வந்தடைந்த வழியைச் சொல்லவேண்டும்.

இத்தாலி நாட்டு உம்பிரியாப் பகுதியிலே, அசிசி நகரில், 1181ஆம் அல்லது 1182ஆம் ஆண்டிற் பிறந்தவர் அவர். தந்தை பியெத்ரோ பெர்னார்தோனே செல்வம் படைத்த துணி வணிகர். பிள்ளை பிறந்தவேளை அவர் பிரான்சு நாட்டுக்கு வணிகத்தின் பொருட்டுச் சென்றிருந்தார். தாய் யோவான் எனப் பெயரிட்டு ஞானஸ்நானம் செய்வித்தார். திரும்பி வந்த தந்தையோ தமக்கு உவப்பான பிரான்சு நாட்டை நினைந்து பிரான்செஸ்கோ என்று மாற்றினார். கடைக்காரர் மகன் பட்டுடுத்தித் தோழரோடு இரவெல்லாம் பாடித் திரிந்தான். விருந்து என்றால் அசிசி இளைஞர்க்கு அவனே தலைவன். கொண்டாட்டம் என்பதன் சுவையை அறியாத ஒருவர் அல்லர் பின்னாளில் நத்தாரைக் கொண்டாடக் கற்பித்தவர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் நன்று.

1202இல் அயல் நகராகிய பெருஜியாவோடு மூண்ட போரிற் பிடிபட்டு ஓராண்டளவு சிறையிருந்தார். நோயுற்று மீண்டார். மீண்டும் வீரப்புகழ் நாடி 1205இல் தென்னாட்டுப் போருக்குப் புறப்பட்டவர் ஸ்பொலேத்தோ வரை சென்று திரும்பிவிட்டார். அதன்பின் அவருள் நிகழ்ந்த மாற்றத்தை ஒரு நிகழ்ச்சியே போதிய அளவு காட்டும். தொழுநோயாளரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர், ஒருநாள் வழியில் எதிர்ப்பட்ட ஒருவரைத் தழுவி முத்தமிட்டார். இறக்குந் தறுவாயில் தாம் எழுதுவித்த இறுதிச் சாசனத்திலே, தமது மனமாற்றத்தின் தொடக்கமாக அவர் குறிப்பிடுவது தொழுநோயாளரிடையே தாம் சென்றதைத்தான்.

தந்தையின் துணியை விற்றுச் சிதைந்த கோவிலொன்றைத் திருத்த முனைந்ததும், தந்தை வழக்குத் தொடுத்ததும், 1206இல் ஆயர் முன்னிலையிலே உடுத்த உடைகளையும் களைந்து தந்தையிடமே அவர் ஒப்படைத்ததும் பலரும் அறிந்த கதைகள். 1209இல் பன்னிருவராய் உரோமைக்குச் சென்று, பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்றிடம் வாய்மொழி அனுமதி பெற்றனர். பத்தாண்டுகளுக்குள் சகோதரர் தொகை ஆயிரக்கணக்காயிற்று. 1219இல் சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த எகிப்துக்குச் சென்று, தமியேத்தா நகருக்கு அப்பால் பாளையமிட்டிருந்த சுல்தான் அல்-காமிலை ஆயுதமின்றிக் கண்டு பேசினார். சுல்தான் அவரை மதிப்போடு திருப்பி அனுப்பினார்.

திரும்பி வந்தபோது அவர் கண்டது வேறொரு சபை. தொகை பெருகியதும், வீடும் நூலும் வசதியும் வேண்டுமென்ற குரல் எழுந்திருந்தது. 1220இல் தலைமையைத் துறந்தார். சபைக்கான ஒழுங்கு விதி திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டு, 1223ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் பாப்பரசர் மூன்றாம் ஒனோரியஸின் முத்திரையைப் பெற்றது. வழிப்பயணத்தில் கையில் ஒன்றும் கொள்ளலாகாது என்ற சுவிசேஷப் பகுதி, தொடக்க நாளிலிருந்தே அவருக்கு உயிராக இருந்தது. முந்திய விதியில் இடம்பெற்ற அப்பகுதி புதிய விதியில் இல்லை. எகிப்திலிருந்து கொணர்ந்த கண்ணோய் வேறு அவரை வருத்திக்கொண்டிருந்தது.

இந்த மனநிலையோடு நத்தாருக்கு ஏறக்குறைய பதினைந்து நாட்கள் முன்பு, ரியேத்திச் சமவெளிக்கு மேலுள்ள கிரேச்சியோ ஊரின் பிரபு ஜியோவானி என்பவரை அவர் அழைப்பித்தார். பிறந்த குலத்தின் பெருமையிலும் உள்ளத்தின் பெருமையையே பெரிதாக எண்ணிய மனிதர் அவர். பெத்லகேமிலே பிறந்த குழந்தை பட்ட இல்லாமையைத் தம் ஊனக்கண்ணாலேயே காண விரும்புவதாகவும், ஒரு முன்னணையும் வைக்கோலும் ஓர் எருதும் ஒரு கழுதையும் ஆயத்தஞ் செய்து தரவேண்டுமென்றும் பிரான்சிஸ் அவரிடம் கேட்டுக்கொண்டார். இவ்வளவே அவர் கேட்ட பொருள்.

நம் நூல்கள் சில, குடில் என்ற எண்ணமே உலகில் முதன்முதல் அன்றுதான் உதித்தது போல எழுதிவிடுகின்றன. அது சரியன்று. உரோமை நகரிலே மரியன்னையின் பெருங்கோவில், முன்னணைக் கோவில் என்ற பெயரைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பெற்றிருந்தது. கோவில்களிலே நத்தார் நாடகங்களும் நடந்ததுண்டு. பிரான்சிஸ் செய்தது வேறு. பெத்லகேமைக் கோவிலுக்குள் கொணராமல், பூசையைத் தொழுவத்துக்குக் கொண்டுபோனார். புதுமை செய்தார் என்ற பழி வாராதிருக்கப் பாப்பரசரிடம் முன்னரே அனுமதி கேட்டுப் பெற்றதாகப் பொனவெந்தூர் தமது நூலில் எழுதுகிறார்.

அவ்விரவின் விவரத்தை நமக்குத் தருபவர் செலானோ ஊரவரான தோமாஸ் என்ற சகோதரர். பிரான்சிஸ் மறைந்து மூன்று ஆண்டுகள் நிறைவுறுமுன் எழுதியவர்; ஆதலின் அவர் சொல்லை நாம் நம்பலாம். சுற்றியுள்ள இடங்களிலிருந்து சகோதரர்கள் வந்தனர். ஊர் ஆண்களும் பெண்களும் மெழுகுதிரியும் தீவட்டியும் தம்மால் இயன்றவாறு செய்து ஏந்தி மலையேறினர். காடு முழுதும் பாட்டொலியை எதிரொலித்தது. முன்னணையிலே வைக்கோல் இடப்பட்டது. எருதும் கழுதையும் கொண்டுவரப்பட்டன. அந்த முன்னணையின் மீதே குருவானவர் பூசை ஒப்புக்கொடுத்தார். பிரான்சிஸ் குருவல்லர், திருத்தொண்டர் மாத்திரமே. ஆதலின் திருத்தொண்டருக்குரிய உடையணிந்து சுவிசேஷத்தைப் பாடினார். பின்னர் மக்களுக்குப் பிரசங்கித்தார். பெத்லகேம் என்ற பெயரை அவர் உச்சரித்தபோது ஆட்டுக்குட்டியின் குரல் போல் ஒலித்ததாம். அக்குழந்தையின் பெயரைச் சொல்லும்போதெல்லாம், அதன் இனிமையைச் சுவைப்பவர் போல் இதழ்களை நாவால் வருடினாராம்.

இனி என்னை நூலை மூடவைத்த செய்திக்கு வருகிறேன். தோமாஸ் தரும் விவரத்திலே மரியாளாக நின்றவர் எவருமில்லை. சூசையாக நின்றவர் எவருமில்லை. இடையரும் அரசரும் இல்லை. குழந்தையின் சுரூபமும் இல்லை. முன்னணை வெறுமையாகவே இருந்தது. அங்கு நின்றவருள் நல்லொழுக்கமுள்ள ஒருவருக்கு மட்டும் ஒரு காட்சி தோன்றியது. முன்னணையிலே உயிரற்றது போல் ஒரு குழந்தை கிடந்ததையும், பிரான்சிஸ் அணுகியதும் அது உறக்கத்திலிருந்து விழிப்பது போல் விழித்ததையும் அவர் கண்டார். மக்களின் நெஞ்சிலே மறக்கப்பட்டுக் கிடந்த குழந்தை இவ்வடியாரால் மீண்டும் எழுப்பப்பட்டது என்று தோமாஸ் அக்காட்சிக்குப் பொருள் காண்கிறார். மற்றவர் கண்டது வைக்கோலும் அதன்மேல் நிகழ்ந்த பூசையுமே.

வெறுமையாக விட்டது மறதியால் அன்று என்றே கருதுகிறேன். சகோதரருக்கு அவர் விடுத்த அறிவுரைகளுள் முதலாவதைப் படிப்பவர்க்கு இது விளங்கும். கன்னியின் வயிற்றிலே இறங்கிய அதே தாழ்மையோடு அவர் நாள்தோறும் பீடத்தின்மேல் இறங்குகிறார் என்பது அவ்வறிவுரையின் சாரம். பெத்லகேம் என்ற எபிரேயப் பெயருக்கு அப்பத்தின் வீடு என்பது பொருள். அப்பம் பீடத்தின்மேல் வர இருக்கையில் களிமண் குழந்தை எதற்கு என்று அவர் நினைத்திருக்கலாம். சபையின் விதியிலே எழுத முடியாமற்போன இல்லாமையை, அவ்விதி முத்திரை பெற்ற சில வாரங்களுக்குள், ஊரவர் எல்லாரும் காணும்படி வைக்கோலிலே காட்டினார் என்றும் எண்ணத் தோன்றுகிறது. இஃது என் ஊகமே.

அதே கிரேச்சியோவில் நடந்ததாக இன்னொரு வரலாறும் உண்டு. தோமாஸ் அதனை உயிர்ப்புத் திருநாளுக்கு உரியதாக்குகிறார். அசிசித் தொகுப்பு என வழங்கும் பழைய ஏடோ நத்தார் நாளென்கிறது. திருநாளையும், வந்திருந்த மேலாளரையும் சிறப்பிக்கச் சகோதரர்கள் உயர்ந்த மேசை போட்டு, வெண்துகில் விரித்து, கண்ணாடிக் கிண்ணங்களும் வைத்திருந்தனர். பிரான்சிஸ் அதைக் கண்டார். ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். அன்று அங்கு வந்திருந்த ஓர் ஏழையின் தொப்பியையும் கோலையும் வாங்கிக்கொண்டு, அவர்கள் உண்ணத் தொடங்கியதும் வாயிலில் நின்று பிச்சை கேட்டார். உள்ளே அழைத்து ஒரு தட்டைக் கொடுத்தனர். அதை எடுத்துக்கொண்டுபோய் அடுப்பங்கரையில் நிலத்தில் அமர்ந்து உண்டார். மேசையிலிருந்தவருட் சிலர் அழுதனர் என்கிறது ஏடு. கடிந்து பேசியிருந்தால் அழுதிருப்பார்களோ என்னவோ.

அடுத்த ஆண்டு செப்தெம்பரில் லா வெர்னா மலையிலே ஐங்காயங்களைப் பெற்றார். பார்வை ஏறக்குறைய அவிந்த நிலையில் கதிரவனையும் நிலவையும் உடன்பிறந்தாராக அழைக்கும் பாடலைத் தம் தாய்மொழியிற் செய்தார். கண்ணுக்கென்று மருத்துவர் காய்ச்சிய இரும்பாற் சுட்டனர், பயனில்லை. 1226ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் நாள் மாலை, வெறுந்தரையிலே தம்மைக் கிடத்தச் செய்து, உயிர் நீத்தார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை.

அவர் மறைந்து இருபது ஆண்டுகளின் பின், முன்பு உடன் வாழ்ந்தோரின் நினைவுகளைத் திரட்டித் தோமாஸ் இரண்டாம் வரலாறு எழுதினார். நத்தாரைப் பற்றிய சில செய்திகள் அதிலேதான் கிடைக்கின்றன. இவரைத் துறவு என்ற ஒரே நிறத்தால் தீட்டுவோர் அவற்றைப் படிக்கவேண்டும். ஒருமுறை நத்தார் வெள்ளிக்கிழமையில் வந்தது. இறைச்சி விலக்கும் நாளாயிற்றே என்று சகோதரர் தயங்கினர். பிரான்சிஸ் அதைக் கேட்டுச் சினந்தார். அன்று சுவர்களும் இறைச்சி உண்ணவேண்டும், அவற்றால் இயலாதெனில் புறத்தேயாவது பூசிவிடவேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் மற்றொரு நாள் உணவின்போது யாரோ ஒரு சகோதரர் கன்னித்தாய் அன்று பட்ட வறுமையைக் குறிப்பிட, தேம்பி அழுதபடி எழுந்து மீதி அப்பத்தை மண்தரையில் அமர்ந்து உண்டார். மகிழ்ச்சியும் அழுகையும் அவரிடத்தில் ஒரே ஊற்றிலிருந்து வந்தன.

பேரரசரைக் கண்டால் ஒரு சட்டம் வேண்டுவேன் என்றும் அவர் சொல்லிவந்தார். நத்தார் நாளில் வசதியுள்ள ஒவ்வொருவரும் தெருவெங்கும் தானியத்தைத் தூவவேண்டும். பறவைகளுக்கு, சிறப்பாக வானம்பாடிகளுக்கு, அன்று குறைவிருத்தலாகாது. ஏழைகள் செல்வரால் வயிறார உண்பிக்கப்படவேண்டும். முன்னணையருகே நின்ற எருதுக்கும் கழுதைக்கும் வழக்கத்திலும் மிகுதியான தீனி இடவேண்டும். அச்சட்டத்தை எந்தப் பேரரசரும் இயற்றவில்லை. கிரேச்சியோ முன்னணையின் வைக்கோலை மட்டும் ஊரவர் பாதுகாத்து, நோயுற்ற கால்நடைகளுக்குக் கொடுத்தனர் என்றும் அவை குணமடைந்தன என்றும் தோமாஸ் எழுதுகிறார்.

இதைப் படித்தபோது அந்தப் பாடசாலையின் மறுநாட் காலை நினைவுக்கு வந்தது. இடம்பெயர்ந்த யாரோ ஒருவர் ஓட்டிவந்த பசுவொன்று, முற்றத்தில் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு மண்டபத்துள் நுழைந்து, பீடத்தின் கீழிருந்த பெட்டியில் வாயை வைத்துவிட்டது. விலா எலும்பு தெரிந்த மெலிந்த பசு. நாங்கள் தடியோடு ஓடினோம். பாயில் அமர்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்த ஆச்சி கையை உயர்த்தி எங்களைத் தடுத்தார். அது தின்று முடியும்வரை எவரையும் கிட்ட விடவில்லை.